பசுவும் புல்லும் வாக்கும்: மசாய் மக்களின் வாழ்வு



2002ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கென்யாவின் தென்மேற்கே எனோசாயென் என்னும் சிற்றூரில் ஒரு சடங்கு நடைபெற்றது. அவ்வூர் இளைஞர் ஒருவர் அமெரிக்காவில் கல்வி கற்று வந்தார். முந்திய ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது அவர் அந்நகரிலேயே இருந்தார். ஊர் திரும்பிய அவர், தாம் கண்டதை முதியோரைக் கூட்டிச் சொன்னார். கேட்ட முதியோர் கலங்கிப் போயினர். தங்கள் பட்டிகளிலிருந்து 14 பசுக்களைத் தெரிந்தெடுத்து ஆசீர்வதித்தனர். அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரை வரவழைத்து, துயருற்ற அம்மக்களுக்கென அவற்றைக் கையளித்தனர்.

பசுக்களைக் கடல் கடந்து கொண்டுசெல்வது இலகுவான காரியமா? அவை ஊரிலேயே நின்றன. செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பெரும் செல்வம் படைத்த நாட்டுக்குப் பதினான்கு மாடா என்று சிரித்தவர்களும் உண்டு. கொடுத்தவர்கள் மசாய் இன மக்கள். மசாய் ஒருவர் பிறருக்குப் பசுவைக் கொடுக்கிறார் என்றால் அதன் பொருள் என்ன என்பதை அறிந்தவர்கள் சிரிக்கவில்லை.

அந்தப் பொருளை விளங்கிக்கொள்வதே இன்றைய உரையின் நோக்கம்.

நேயர்களே, மசாய் மக்களை நாம் படங்களிலே கண்டிருக்கிறோம். சிவப்புப் போர்வை, கையில் ஈட்டி, கழுத்து நிறைய மணிமாலைகள், நின்ற இடத்திலேயே வானை நோக்கித் துள்ளும் நெடிய இளைஞர்கள். ஆபிரிக்கா என்றதும் உல்லாசப் பயணத் துறையினர் அச்சிடும் முதற் படம் அநேகமாக இதுவாகவே இருக்கும். உலகிலே அதிகம் படம்பிடிக்கப்பட்ட மக்களுள் அவர்களும் அடங்குவர். ஆனால், ஏன் அவர்கள் அப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

கென்யாவின் தெற்கிலும் தன்சானியாவின் வடக்கிலும், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய புல்வெளிகளிலே இவர்கள் வாழ்கின்றனர். 2019ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கென்யாவில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். இவர்களுடைய மொழி 'மா'. அம்மொழியைப் பேசுவோர் மசாய். பல நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து, துர்க்கானா ஏரிப் பக்கமாக, மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தவர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. பூர்க்கோ, கிசோங்கோ, லொயிட்டா, கபுதியெய் எனப் பல பிரிவுகள் அவர்களிடையே உண்டு. கென்யாவின் தலைநகர் நைரோபியின் பெயரே மா மொழிச் சொல்தான். குளிர்ந்த நீர் உள்ள இடம் என்பது அதன் பொருள். இன்று வானளாவிய மாடிகள் எழுந்து நிற்கும் அவ்விடம் ஒரு காலத்திலே அவர்களுடைய மாடுகள் தண்ணீர் குடித்த துறை.

இனி அவர்களுடைய கதை ஒன்றைக் கேட்போம்.

ஆதியிலே வானும் மண்ணும் அருகருகே இருந்தன. கடவுளின் பெயர் எங்காய். அவர் ஒரு மசாய் மனிதனை அழைத்து, பெரிய பட்டி ஒன்றை அமைக்கச் சொன்னார். என்னதான் கண்டாலும் வியந்து கத்தக் கூடாது என்றும் கட்டளையிட்டார். பின்னர் வானிலிருந்து ஒரு தோல்வாரைத் தொங்கவிட்டார். அதன் வழியே பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மசாய் மூச்சுக் காட்டாமல் நின்றான். அவனோடு கூட இருந்தவன் டொரோபோ என்னும் வேட்டுவ இனத்தவன். அவன் உறக்கத்திலிருந்து எழுந்து வந்து இந்தக் காட்சியைக் கண்டு தன்னை மறந்து கூவிவிட்டான். தோல்வார் மேலே போய்விட்டது. அதன் பிறகு ஒரு பசுவும் இறங்கவில்லை. இறங்கியவை மசாய்க்குச் சொந்தமாயின. காட்டு விலங்குகள் டொரோபோவின் பங்காயின.

இக்கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லா வடிவங்களிலும் அடிப்படை ஒன்றே: உலகிலுள்ள மாடுகள் யாவும் எங்காய் தங்களிடம் ஒப்படைத்தவை என்பது. அயலவரின் மாடுகளைக் கவர்ந்து வந்த காலத்திலே, திருடினோம் என அவர்கள் எண்ணியதில்லை. எம்முடையதை மீட்டோம் என்றே எண்ணினர். அயலவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விடயம். அண்டை இனத்தாரோடு நடந்த சண்டைகளுக்கும் இரத்தம் சிந்தலுக்கும் இக்கதை துணைபோயிருக்கிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

எங்காய்க்கு இரு முகங்கள் உண்டு என்பர். கரிய எங்காய் கருணை உடையவர். சிவந்த எங்காய் சினம் கொள்பவர். மழைமேகம் கறுத்து வருவதும், வறட்சியில் வானமும் புழுதியும் சிவந்து கிடப்பதும் கண்ணெதிரே மாறி மாறி நிகழும் நிலத்திலே பிறந்த சமயம் இது. வட தன்சானியாவிலே இன்றும் அவ்வப்போது குமுறும் எரிமலையான ஒல் டொயின்யோ லெங்காய்க்குக் 'கடவுளின் மலை' என்பது பொருள்.

மழை பெய்தால் புல். புல் முளைத்தால் பசு. பசு இருந்தால் பால். இந்தச் சங்கிலியிலே மனிதன் கடைசிக் கண்ணி. ஆகையால் புல் அவர்களுக்குப் புனிதமானது. ஒருவர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கையில் ஏந்தினால் அது சமாதானத்தின் அடையாளம். அடிவாங்கும் சிறுவன் புல்லைப் பிடுங்கிக் காட்டினால் ஓங்கிய கை தாழவேண்டும் என்பது மரபு. நிலத்தைக் கொத்திப் பயிர் செய்வதை அவர்கள் இழிவாகக் கருதிய காரணமும் இதுவே. புல்லைத் தாங்கும் மண்ணின் தோலை உரிப்பதாக அது அவர்களுக்குத் தோன்றியது.

நம் மொழியிலே மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றொரு பழைய பொருள் உண்டு. நமக்கு அது அகராதியில் உள்ள பொருள். மசாய் மக்களுக்கோ அது நாளாந்த உண்மை. திருமணப் பரிசம் மாடு. குற்றத்துக்குத் தண்டம் மாடு. நட்பின் அடையாளமும் மாடு. ஒரு வீட்டுப் பட்டியில் நிற்கும் மாடுகளுள் சில நண்பனுடையவையாக இருக்கும். அவனுடைய சில தொலைவிலே இன்னொருவரின் பட்டியில் நிற்கும். ஓரிடத்தில் நோயோ வறட்சியோ வந்தாலும் எல்லாம் ஒரேயடியாக அழியாது. வங்கி இல்லாத நாட்டிலே அவர்கள் கண்ட காப்புறுதி இது. தங்கள் மாடுகளை எண்ணிப் பார்த்து அல்ல, முகம் பார்த்தே அறிவார்கள். நிறம், புள்ளி, கொம்பின் வளைவு ஆகியவற்றைக் குறிக்க ஏராளமான சொற்கள் அம்மொழியில் உண்டு. மாலையில் பட்டிக்குள் மந்தை நுழையும்போது ஒரு நாகு குறைந்தாலும் வாசலில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

பால், இறைச்சி, இரத்தம் ஆகிய மூன்றுமே பழைய உணவு. மாட்டின் கழுத்து நரம்பை வாரால் இறுக்கி, ஆழப் பாயாதபடி தடைவைத்த சிறு அம்பினால் துளைத்து, அளவாக இரத்தம் எடுத்துப் பின் காயத்தை அடைத்துவிடுவர். மாடு சாவதில்லை. இரத்தம் நாள்தோறும் அருந்தும் பானமன்று. பிள்ளை பெற்ற தாய்க்கும், சடங்கில் குருதி இழந்த இளைஞனுக்கும், வறட்சியில் பால் வற்றிய காலத்திலும் அது மருந்து. பாலையும் இறைச்சியையும் ஒரே வேளையில் சேர்த்து உண்பது விலக்கு. காட்டு விலங்குகளைப் பொதுவாக அவர்கள் உண்பதில்லை. பின்னர் வரவிருக்கும் விடயத்துக்காக இந்த ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். இன்றைய காலத்திலே சோள மாவில் கிண்டிய களியும், பாலும் சீனியும் சேர்ந்த தேநீருமே பெரும்பாலான வீடுகளின் உணவாகிவிட்டன.

இனி வீட்டுக்குள் போவோம். மசாய் வீட்டைக் கட்டுபவள் பெண். கம்புகளை நட்டு வளைத்து, புல் வேய்ந்து, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசுவாள். மழையில் ஒழுகினால் இரவோடிரவாக ஏறிப் பூசுவதும் அவளே. நிமிர்ந்து நிற்க முடியாத அளவு தாழ்ந்த அவ்வீட்டினுள் ஓர் அடுப்பு, தோல் விரித்த படுக்கை, இளங்கன்றுகளுக்கு ஒரு மூலை. வீடுகள் வட்டமாக அமைந்திருக்கும். சுற்றிலும் முட்கிளைகளை அடுக்கிய அலம்பல் வேலி. நடுவிலே மாடுகள். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் இடையே மந்தையைக் காக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

பால் கறப்பதும் பங்கிடுவதும் பெண்ணின் உரிமை. கணவன் தன் மாடுகளில் இத்தனை என்று ஒவ்வொரு மனைவிக்கும் ஒதுக்கிவிடுகிறான். பின்னர் அவற்றின் பால் அவள் கையில். சுரைக்குடுவையின் உட்புறத்தைக் காட்டு ஒலிவ மரத்தின் கொள்ளியால் தீய்த்துச் சுத்தம் செய்து அவள் பால் வார்க்கிறாள். அந்தப் புகைமணம் ஏறிய பாலின் சுவையை, ஊரைவிட்டு நகரத்துக்குப் போன மசாய்கள் ஏக்கத்தோடு நினைவுகூர்வதுண்டு. மணிவேலையும் பெண்களின் கலை. கண்ணாடி மணிகள் வணிகர் மூலம் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றுக்குப் பொருள் கொடுத்தவர்கள் இப்பெண்கள். வெள்ளை பாலையும், நீலம் வானையும், பச்சை புல்லையும், சிவப்பு குருதியையும் குறிக்கின்றன என்பர். ஓர் அணியைப் பார்த்து அணிந்தவர் எப்பிரிவினர், மணமானவரா என்பதை அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆண்களின் வாழ்வு படிகளாக வகுக்கப்பட்டது. மசாய் மக்களிடம் அரசன் இருந்ததில்லை. லைபொன் எனப்படும் குறிசொல்வோருக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அவர்கள் ஆட்சி செய்பவர்கள் அல்லர். சமூகத்தை நடத்தியது வயதணி முறை. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஓர் அணி. அந்தக் காலப்பகுதியில் சடங்கு பெற்ற இளைஞர் யாவரும் வாழ்நாள் முழுவதும் ஓரணியினர். முதலில் எங்கிபாத்தா என்னும் தொடக்கச் சடங்கு. அடுத்து விருத்தசேதனம். கத்தி படும்போது முகம் சுளித்தவன் குடும்பத்துக்கே வெட்கம் தேடித் தந்தவன். அதைக் கடந்தவன் முரான், அதாவது வீரன். செங்காவி பூசிய நீண்ட சடையுடன் தன் அணித் தோழரோடு மந்தையையும் ஊரையும் காப்பான்.

முரானுக்கு ஒரு விதி உண்டு. அவன் தனியாக உண்ணக் கூடாது, தனியாகப் பால் அருந்தவும் கூடாது. பசித்தாலும் தோழன் ஒருவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆயிரம் அறநூல்கள் சொல்லிக் கொடுப்பதை இந்த ஒரு பழக்கம் வயிற்றின் வழியாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இளைஞரை நெறிப்படுத்துவோர் அவர்களுக்கு இரண்டணி மூத்தவர்கள். தீக்கடைகோலில் நெருப்பைக் கடைந்து அவ்வணியைத் தொடக்கி வைத்தவர்கள் ஆதலின், இவர்களுக்குத் தீக்கோல் முதியோர் என்று பெயர். அவர்களுடைய சாபத்துக்கு முரான்கள் அஞ்சுவர். சில ஆண்டுகளின் பின் எயுனோட்டோ என்னும் பெருஞ்சடங்கு. அதிலே தாய் தன் மகனின் சடையை மழித்துவிடுகிறாள். வீரம் நிறைந்த இளமை முடிந்தது. இனி மணம் செய்யலாம், குடும்பம் நடத்தலாம். சிங்கத்துக்கு அஞ்சாத இளைஞர்கள் அன்று குலுங்கி அழுவார்கள் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இறுதியாக ஒல்ங்கெஷர் என்னும் சடங்கு அவர்களை முதியோராக்குகிறது. இம்மூன்று சடங்குகளையும், உடனடியாகப் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலிலே யுனெஸ்கோ நிறுவனம் 2018ஆம் ஆண்டு சேர்த்தது. பாதுகாக்கப்பட வேண்டியவை என்றால், அழிந்துகொண்டிருக்கின்றன என்பது பொருள்.

நேயர்களே, இந்த மக்களுக்கு எழுத்து இருக்கவில்லை. ஆனால் இலக்கியம் இருந்தது. முரசோ பறையோ இன்றி, தொண்டையையே வாத்தியமாக்கிப் பாடும் பாடல்கள். ஒருவர் முன்னெடுக்க, மற்றையோர் ஆழ்ந்த குரலில் தாளம் பிடிப்பர். பசுவைப் புகழும் பாட்டு, மழை வேண்டும் பெண்களின் பாட்டு, விடுகதை, பழமொழி, கதை எனப் பலவகை. வரிக்குதிரையால் தன் வரிகளை அகற்ற முடியாது என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று.

மரணம் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் சொல்லும் கதை என் மனத்தை விட்டு அகலாதது. லெ-எயோ என்ற ஆதி மனிதனுக்குத் தெய்வம் ஒரு மந்திரத்தைக் கற்பித்ததாம். குழந்தை ஒன்று இறந்தால், மனிதன் செத்துத் திரும்பி வரட்டும், நிலவு செத்து அப்படியே போகட்டும் என்று சொல்லவேண்டும். விரைவிலேயே ஒரு குழந்தை இறந்தது. அது அயலான் பிள்ளை. நம் பிள்ளை இல்லையே என்று லெ-எயோ சொல்லை மாற்றிப் போட்டான்: மனிதன் போகட்டும், நிலவு திரும்பட்டும் என்று. சிறிது காலத்தின் பின் அவன் சொந்தப் பிள்ளை இறந்தது. இப்போது ஓடிவந்து மந்திரத்தைச் சரியாகச் சொன்னான். காலம் கடந்துவிட்டது, அந்த மற்றைப் பிள்ளையின் விடயத்தில் நீயே அதைக் கெடுத்துவிட்டாய் என்றது தெய்வம். அன்று முதல் நிலவு தேய்ந்து திரும்புகிறது, மனிதன் திரும்புவதில்லை.

ஒருமுறை வாயால் சொன்ன சொல்லை மீட்க முடியாது என்பதும், பிறர் பிள்ளைக்கு மறுத்தது தன் பிள்ளைக்கும் கிடையாது என்பதும் இந்தச் சிறிய கதைக்குள் அடங்கிவிட்டன.

இக்கதையும் இன்னும் பலவும் அச்சேறியது 1905இல். ஹொலிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி மசாய் மொழியையும் கதைகளையும் தொகுத்து ஒக்ஸ்போர்டில் நூலாக வெளியிட்டார். அருமையான தொகுப்பு. அதற்கு முன்னுரை எழுதியவர் சேர் சார்ள்ஸ் எலியட். கிழக்காபிரிக்கப் பாதுகாப்பரசின் ஆணையாளராக 1904 வரை பதவி வகித்தவர். மசாய்களின் மேய்ச்சல் தரைகளிலே வெள்ளையரைக் குடியேற்ற வேண்டுமென்று முன்னின்றவரும் அவரே. ஒரு கை கதைகளைத் தொகுத்துக்கொண்டிருக்க, மறு கை நிலத்தை அளந்துகொண்டிருந்தது.

அதற்குச் சற்று முன்னர்தான் அவர்கள் பேரழிவு ஒன்றைச் சந்தித்திருந்தனர். 1880களில் மாட்டு நுரையீரல் நோய், 1890ஐ ஒட்டி மாட்டுக் கொள்ளைநோய், அதனோடு பெரியம்மை, மழையும் பொய்த்தது. மாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. எமுத்தாய், அதாவது முற்றாகத் துடைத்தழித்தல், என்று அக்காலத்தை அவர்கள் அழைக்கின்றனர். ஆங்கிலேயர் வந்து கண்டது இப்படி ஒடிந்து கிடந்த மக்களையும் வெறிச்சோடிய புல்வெளியையும். ஆளில்லா நிலம் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

1904 ஓகஸ்டில் ஓர் ஒப்பந்தம். லைபொன் லெனானாவும் ஏனைய தலைவர்களும் கைநாட்டு வைத்தனர். நைவாஷா, நகுரு ஆகிய செழிப்பான பள்ளத்தாக்கை வெள்ளையருக்கு விட்டு, வடக்கே லைக்கிபியா, தெற்கே ஒரு பகுதி என இரண்டு ஒதுக்கு நிலங்களுக்குப் போக இசைந்தனர். அவர்கள் கேட்டவை எவை தெரியுமா? இரு நிலங்களுக்கும் இடையே சென்றுவர ஒரு வழியும் தண்ணீரும். கினங்கொப் மலைச்சரிவிலே தங்கள் சடங்குகளுக்கென ஐந்து சதுர மைல். மசாய் இனம் உள்ளவரை இவ்வொப்பந்தம் நிலைக்கும் என்று அதில் எழுதப்பட்டது.

அது நிலைத்தது ஏழு ஆண்டுகள். 1911இல் புதிய ஒப்பந்தம். லைக்கிபியாவும் வெள்ளையருக்கு வேண்டியிருந்தது. லெனானா அவ்வாண்டுதான் இறந்திருந்தார். மந்தைகளோடும் குழந்தைகளோடும் முதியோரோடும் மக்கள் தெற்கு நோக்கி நடத்தப்பட்டனர். வழியிலே குளிரிலும் மழையிலும் பலர் இறந்தனர். வடபகுதித் தலைவர் லெகாலிஷு தரப்பினர் ஈட்டியை எடுக்கவில்லை, வழக்கறிஞரை நாடினர். 1913இல் வழக்கு நீதிமன்றத்திலே தள்ளுபடியாயிற்று. மசாய்கள் பிரித்தானியப் பிரசைகள் அல்லர். எனவே ஒப்பந்தம் இரு நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை. அதை விசாரிக்கும் அதிகாரம் இந்நீதிமன்றத்துக்கு இல்லை என்பது தீர்ப்பு. மேன்முறையீடும் தோற்றது. தன் நிலத்தை இழக்கும்போது ஆளப்படுபவன். நீதி கேட்கும்போது அந்நியன்! நூறு ஆண்டுகள் நிறைந்த 2004 ஓகஸ்டிலே அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு நைரோபி வீதிகளில் நடந்தவர்களுக்கு, சுதந்திர கென்யாவின் பொலிசார் கண்ணீர்ப்புகையால் மறுமொழி சொன்னார்கள்.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. எல்லைக்கு அப்பால், தன்சானியப் பக்கத்திலே செரங்கெட்டி இருக்கிறது. அப்பெயரும் மா மொழியிலிருந்து வந்ததாகச் சொல்வர். முடிவின்றி விரியும் வெளி என்பது பொருள். அங்கே மான்களும் வரிக்குதிரைகளும் இலட்சக்கணக்கில் எஞ்சியிருந்ததற்கு ஒரு காரணம், அவற்றைக் கொன்று தின்னாத மக்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பது. சற்று முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன விடயம் இதுதான். ஆனால் விலங்குகளைக் காக்கவென்று 1959இல் அம்மக்களே தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதற்கீடாக, அருகேயுள்ள இங்கோரொங்கோரோவில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று வாக்களிக்கப்பட்டது. அங்கும் பயிர்ச்செய்கை 1975இல் தடைசெய்யப்பட்டு, 1992இல் அனுமதிக்கப்பட்டு, 2009இல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. 2022 யூனில் அருகேயுள்ள லொலியொண்டோவிலே 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு எல்லைக்கல் நடப் பொலிசார் வந்தபோது மோதல் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது. பலர் காயங்களோடு கென்யாவுக்குள் ஓடினர். அதே மாதத்தில் இங்கோரொங்கோரோ மக்களை நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ம்சொமேரா என்ற இடத்துக்கு இடம்பெயர்க்கும் பணி தொடங்கியது. விருப்பத்தின்பேரில் செல்கிறார்கள் என்கிறது அரசு. சேவைகளை நிறுத்தி எம்மை நெருக்குகிறார்கள் என்கின்றனர் மக்கள்.

கென்யாவிலே நடந்தது வேறு வகை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேய்ச்சல் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாகப் பதியப்பட்டன. பின்னர் அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவர் பெயரிலும் உறுதி எழுதப்பட்டது. உறுதி கிடைத்ததும் விற்பனை. விற்பனையைத் தொடர்ந்து கம்பிவேலி. மழை பெய்யும் இடத்தைத் தேடி நடப்பதே இந்த வாழ்க்கை முறையின் உயிர். பத்து மைலுக்கு அப்பால் மழை பெய்திருக்கிறது. ஆனால் இடையிலே வேலி! 2020இன் பிற்பகுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது மாடுகள் மந்தை மந்தையாக மடிந்ததற்கு வானம் மட்டும் காரணமன்று.

இவ்வளவும் சொல்வதால், பழைய வழக்கங்கள் யாவும் அப்படியே நிலைக்கவேண்டும் என்று நான் வாதிடுவதாக நேயர்கள் எண்ணக் கூடாது. அந்தச் சமூகத்தின் எழுத்தாளர்களே அப்படி வாதிடவில்லை. டெபிலிட் ஓலே சைடோடி 1986இல் தம் சுயசரிதையை எழுதினார். நயோமி கிபுரி என்ற மசாய்ப் பெண் ஆய்வாளர் தம் மக்களின் வாய்மொழி இலக்கியத்தை 1983இல் தாமே தொகுத்து வெளியிட்டார். ஹொலிஸின் நூலுக்கு எழுபத்தெட்டு ஆண்டுகளின் பின் வந்த இத்தொகுப்பை, கதைகள் சொந்த வீட்டுக்குத் திரும்பிய நிகழ்ச்சி என்று சொல்லலாம்.

2021இல் காலமான நாவலாசிரியர் ஹென்றி ஓலே குலெட் இன்னும் துணிந்தவர். 2008இல் வெளிவந்த 'சவன்னாவின் மலர்கள்' என்னும் அவரது நாவல் மறு ஆண்டு ஜோமோ கென்யாட்டா பரிசு பெற்றது. கென்யப் பாடசாலைகளிலே பாடநூலாகவும் இருந்தது. நகரத்தில் வளர்ந்த தைய்யோ, ரெசியான் என்ற இரு சகோதரிகள் தந்தையோடு பூர்வீக ஊருக்கு வருகிறார்கள். பல்கலைக்கழகம் செல்வதே அவர்கள் கனவு. தந்தையோ கடன்பட்ட செல்வந்தன் ஒருவனுக்கு இளையவளை மணம்முடிக்க உடன்படுகிறார். பெண்களுக்குச் செய்யும் அந்தக் கொடிய வெட்டுச் சடங்குக்கு மூத்தவள் பலியாகிறாள். கதையைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: ஆசிரியர் தம் மரபின் முழுமையையும் பழிக்கவில்லை. அன்பும் விருந்தோம்பலும் பொதுமையும் நிறைந்த அதே வீட்டிலே இந்தக் கத்தியும் இருக்கிறதே என்றுதான் வேதனைப்படுகிறார். கென்யாவில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் அச்சடங்கை முற்றாகத் தடைசெய்தது. சட்டத்துக்கு அஞ்சி ஒளித்துச் செய்வோரும் உண்டு. கத்தியை விலக்கி, ஆசீர்வாதத்தையும் பாடலையும் மட்டும் வைத்துக்கொண்டு மகளைப் பெரியவளாக்கும் மாற்றுச் சடங்குகளை நடத்தும் ஊர்களும் உண்டு. அவற்றை நடத்தி வைப்பவர்களுள் மசாய் முதியோரும் இருக்கின்றனர்.

சிங்க வேட்டையிலும் இப்படியொரு மாற்றம் வந்தது. முன்பு ஈட்டியால் சிங்கத்தை வீழ்த்துவதே முரானின் பெருமை. இன்று அம்போசெலிப் பகுதியிலே அதே முரான்கள் சிங்கங்களுக்குப் பெயரிட்டு, அடிச்சுவடு பார்த்து, ஊருக்கு எச்சரிக்கை கொடுத்துக் காவல் செய்கின்றனர். 2012 முதல் அங்கே மசாய் ஒலிம்பிக் நடைபெறுகிறது. ஓட்டம், ஈட்டி எறிதல், உயரத் துள்ளல் ஆகியவற்றிலே வென்றவனே வீரன். அதற்கு ஆதரவளித்தவருள் ஒருவர் டேவிட் ருடிஷா. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீற்றரை 1 நிமிடம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த மசாய் மகன்.

ஆகவே இம்மக்கள் மாற மறுப்பவர்கள் அல்லர். தாங்களே ஆராய்ந்து, முதியோரைக் கேட்டு, தேவையானதை மாற்றுகிறார்கள். அப்படி மாற்றுவதற்கு அவர்களுக்குக் காலடியிலே நிலம் வேண்டும். நிலத்தை எடுத்துவிட்டுச் சிவப்புப் போர்வையையும் துள்ளலையும் மட்டும் விடுதி முற்றத்திலே மாலைதோறும் ஆடச் சொன்னால், அது பண்பாடு ஆகாது. கூலிக்கு ஆடும் நினைவாகவே இருக்கும். எயுனோட்டோச் சடங்குக்கு யுனெஸ்கோவின் பட்டியல் மட்டும் போதாது. வீரர்கள் கூடி ஊரமைக்க ஒரு வெளி வேண்டும். விருந்துக்கு எருது வேண்டும். எருதுக்குப் புல் வேண்டும். 1904இல் ஐந்து சதுர மைல் கேட்ட அந்த முதியோருக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது.

நேயர்களே, அந்தப் பதினான்கு பசுக்களிடம் திரும்புவோம். கொடுத்த பின்னர் அவை எனோசாயெனில் நின்றாலும், ஊராருக்குச் சொந்தமானவை அல்ல என்றே கருதப்பட்டன. கொடுத்தது கொடுத்ததுதான். மையும் முத்திரையும் இட்ட கடதாசியில் 'இனம் உள்ளவரை' என்று எழுதிக்கொடுத்த அரசு அதை ஏழாண்டில் மறந்தது. எழுத்தே இல்லாத மக்களோ தொலைதூர நாட்டின் துயருக்காக வாயால் சொன்ன சொல்லைக் காத்தனர். லெ-எயோவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வேறெப்படி நடப்பார்கள்? அயலான் பிள்ளைக்காகவும் சரியான சொல்லைச் சொல்லவேண்டும் என்பதல்லவா அக்கதை.

அந்தச் சொல்லை இப்போது அவர்களுக்காகச் சொல்லவேண்டியவர்கள் மற்றவர்கள். மசாய் முதியவர் ஒருவர் கையிலே ஒரு பிடி புல்லை ஏந்தி நின்றால் ஓங்கிய கை தாழவேண்டும் என்பது அவர்கள் மரபு. நூறாண்டுக்கு மேலாக அவர்கள் அந்தப் புல்லை ஏந்தியே நிற்கிறார்கள்.